'சிரியானா': எண்ணெயும் அரபுப் பாடமும்

எண்ணெயை வைத்து நடக்கும் அரசியலை நேர்மையாகச் சொல்லும் திரைப்படங்கள் மிக அரிது. ஸ்டீபன் காகன் எழுதி இயக்கி 2005-இல் வெளிவந்த 'சிரியானா' அவற்றுள் ஒன்று. அமெரிக்க உளவுத்துறையில் இருந்த ராபர்ட் பேயரின் நினைவுநூலே அதற்குத் தூண்டுதல்.

பெயர் குறிக்கப்படாத ஒரு வளைகுடா நாட்டின் இளவரசர் நாஸிர், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கையிலிருந்த எரிவாயு உரிமையைச் சீனருக்குத் தருகிறார். இழந்த கம்பெனி, கஸகஸ்தானில் உரிமை பெற்ற இன்னொரு கம்பெனியோடு இணைகிறது. அந்த இணைப்பிலுள்ள ஊழலை ஒரு வழக்கறிஞர் துருவுகிறார். இளவரசரைத் தீர்த்துக்கட்ட ஓர் உளவாளி அனுப்பப்படுகிறார். கதை சிக்கலானது, விளங்கவில்லை என்று குறை கூறியோர் பலர். எனக்கு அது குறையாகப் படவில்லை. வாஷிங்டனில் கையொப்பமிடுபவருக்கு அதனால் எவன் வேலை இழப்பான் என்பது தெரியாது. வேலை இழந்தவனுக்கும் கையொப்பமிட்டவர் யாரென்பது தெரியாது. பார்ப்பவர் மட்டும் எல்லாம் அறிந்திருந்தால் அதுவே பொய்யாகிவிடும்.

சடையங்குப்பத்தில் இருந்து பார்ப்பவருக்கு இது அந்நியக் கதையன்று. பக்கத்து மணலியில் எழுந்த மதராஸ் சுத்திகரிப்பாலை, 1965-இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி ஆகிய மூவரின் கூட்டாகத் தோன்றியது. பங்குகள் முறையே நூற்றுக்கு 74, 13, 13. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் வாஷிங்டனும் தெஹ்ரானும் தீராப் பகை கொண்டிருந்தபோதும், 1985-இல் அமோகோ விலகும்வரை இரு தரப்புப் பங்குகளும் ஒரே பதிவேட்டில் அமைதியாக இருந்தன! பகை மனிதருக்குத்தான், எண்ணெய்க்கு இல்லை போலும்.

படம் காட்டத் தவறியது ஆலையின் அண்டை வீட்டாரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை படர்ந்தது. மீனவரின் வலையும் படகும் கரியாயின. அரண்மனையையும் சொகுசு விடுதியையும் அத்தனை பொறுமையாகப் படம்பிடித்த காகனின் கண்ணுக்கு இத்தகைய ஒரு கரை தென்படவில்லை.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. வேலை நீக்கப்பட்ட பாகிஸ்தானிய இளைஞன் வஸீம், அரபி தெரியாததால் எங்கும் வேலை கிடைக்காமல், மொழி கற்கவென்று மதரஸாவில் சேர்கிறான். இது சத்தியமான இடம். நம் வீட்டுப் பிள்ளைகளும் வளைகுடா சென்று, ஓதத் தெரிந்தும் பேசத் தெரியாமல் திகைத்தவர்களே. வயிற்றுப்பாட்டுக்காக மொழி தேடி வருபவனை ஓர் ஆசிரியர் எப்படி ஏற்கிறார் என்பதில் பெரிய கதை இருக்கிறது. காகனோ அவனை விரைந்து வெடிமருந்துப் படகில் ஏற்றிவிடுகிறார். அவனை வழிகெடுப்பவர் கொடூரராக இன்றி அன்புடையவராகக் காட்டப்படுவது கூர்மையான கவனிப்பே, மறுக்கவில்லை. ஆயினும் நஹ்வும் ஸர்பும் கற்பித்து, பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கும் உஸ்தாதுமார்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. உளவாளிக்கும் எண்ணெய் வியாபாரிக்கும் நல்லவரும் கெட்டவருமாகப் பல முகங்கள் தந்தவர், மதரஸாவுக்கு ஒரே முகத்தைத் தந்தது ஏன்?

அரபி கற்ற வஸீம், அந்த மொழியில் எவரிடமும் போய் வேலை கேட்கும் காட்சியும் படத்தில் இல்லை.