பழைய கணினியில் மின்ட்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகள் ஏராளம். நன்றாக உழைக்கும் பெட்டிகள் அவை. தூக்கிப்போட மனம் வராது. அவற்றுக்கு நான் கைகாட்டுவது லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம்.

2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. இதில் நான் மிகவும் ரசிப்பது, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று நிதானமாகச் சோதிக்கலாம். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து வாங்குவது போல. பிடிக்கவில்லையா? கணினியை அணைத்து, பென் டிரைவை உருவிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பயனரை இவ்வளவு மதிக்கும் பண்பு அபூர்வம்.

டாலியும் போட்டோஷாப்பும் அன்றாடப் பிழைப்பு என்றால் விண்டோஸை விடவேண்டாம். மேக் அழகும் உறுதியும் கொண்டது. ஆனால் ஆப்பிள் கணினியையும் சேர்த்தே வாங்கவேண்டும். பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், சினிமா போதும் என்பவர்களுக்கு மின்டில் குறையே இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். அதற்கும் குறைவென்றால் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள்.