மணி போதவில்லையாம்!

ஒரு மசோதா எப்படி மாண்டுபோகும்? பாராளுமன்ற முறையைப் பாடநூலில் படித்த மாணவன் தயங்காமல் விடை கூறுவான்: வாக்கெடுப்பு நடக்கும், எதிர்ப்போர் தொகை மிகுந்தால் மசோதா வீழும், ஆதரிப்போர் தொகை மிகுந்தால் வாழும் என்று. நாமும் வகுப்பறையில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், வாக்கால் வீழ்த்தப்படாமல், வாதத்தால் வெல்லப்படாமல், கடிகார முள்ளால் குத்திக் கொல்லப்பட்ட மசோதா ஒன்று இந்நாட்டு வரலாற்றிலே உண்டு. இந்து சட்டத் தொகுப்பு மசோதா என்பது அதன் பெயர். அதனைக் காக்கப் போராடி, இயலாமற்போகவே அமைச்சர் பதவியை உதறிவிட்டு வெளியேறியவர் டாக்டர் அம்பேத்கர்.

ஏன் அந்த மசோதா நிறைவேறவில்லை என்று கேட்டபோது, ஆள்வோர் கூறிய விடை என்ன? கொள்கை பிடிக்கவில்லை என்றா கூறினர்? இல்லை. பெண்ணுக்குச் சொத்து கூடாது என்றா கூறினர்? அதுவும் இல்லை. நேரம் போதவில்லை என்றனர்! கேட்பதற்கு எவ்வளவு இதமான சொல்! எவர் மனத்தையும் புண்படுத்தாத சொல்! இந்தச் சொல்லைத்தான் நாம் இங்கே உரைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

பள்ளியிலே பணியாற்றும் நமக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். ஒரு பாடம் வேண்டாம் என்று எவரும் வெளிப்படையாகக் கூற மாட்டார்கள். ஆனால், அந்தப் பாடத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பாடவேளை ஒதுக்கப்படும். விளையாட்டு விழா வந்தால் முதலில் பறிபோவது அந்த வேளைதான். ஆண்டு முடிவில், 'பாடம் முடியவில்லையே!' என்று அங்கலாய்ப்பும் எழும். பாடவேளை அட்டவணையை எழுதும் கைக்குத்தான் உண்மையான அதிகாரம். பாராளுமன்றமும் அதற்கு விலக்கன்று.

மசோதா கேட்டதென்ன? ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி. மணவிலக்குப் பெறும் உரிமை. சாதி கடந்து செய்யும் மணத்துக்குச் சட்டத்தின் காப்பு. பெண் தன் சொத்தை முழு உரிமையோடு ஆளும் நிலை. தந்தையின் சொத்திலே மகளுக்கும் பங்கு. பி. என். ராவ் குழுவினர் வகுத்த வரைவில் மகளுக்கு மகனின் பங்கில் பாதியே இருந்தது. தெரிவுக் குழு அதனை மகனுக்குச் சமமான பங்காக உயர்த்தியது. தமிழருக்கு இவை புதுமையல்ல. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. செங்கற்பட்டில் ஒரு மாநாட்டில் முடிந்த காரியத்துக்கு டில்லியிலே ஆண்டுகள் போதவில்லை!

கணக்கைப் பார்ப்போம். 1951 அக்டோபரில் அம்பேத்கர் வெளியிட்ட பதவி விலகல் அறிக்கையிலே நாட்குறிப்பே இருக்கிறது. மசோதா அவைக்கு வந்த நாள் 1947 ஏப்ரல் 11. தெரிவுக் குழுவுக்குச் சென்றது 1948 ஏப்ரல் 9. குழுவின் அறிக்கையை ஆராய வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தது 1948 ஆகஸ்ட் 31. அதன்பின் அவைக்கு ஓய்வு ஒழிவே இல்லையோ என்னவோ, 1949 பிப்ரவரியில் நான்கு நாள், மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் இரண்டு நாள் என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று மேலும் ஒரு நாள். 1950ஆம் ஆண்டு முழுவதிலும் ஒரு நாள்கூட இல்லை. 1951 பிப்ரவரியில் 5, 6, 7 ஆகிய மூன்று நாட்கள். ஆக, முப்பது மாதங்களில் பதினொரு நாட்கள்! ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் நம் பாட்டிமார். இங்கோ, ஆறட்டும் என்றே அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்கள்.

பிறகு வந்தது 1951 செப்டம்பர் 17. பொதுத் தேர்தலுக்கு முந்திய கூட்டத்தொடர் அது. மசோதாவை நிறைவேற்றிவிடுவது என்று அமைச்சரவை ஒருமனதாக முடிவு செய்திருந்தது. பிரிவு பிரிவாக ஆராயும் பணி மீண்டும் தொடங்கியது. தொடங்கிய சூட்டோடு பிரதமர் நேரு ஒரு யோசனை கூறினார்: முழுவதையும் நிறைவேற்ற நேரம் போதாது, திருமணம், மணவிலக்கு பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று. பாதியாவது பிழைக்கட்டும் என்று அம்பேத்கர் இசைந்தார். சில நாள் சென்றது. அந்தப் பாதிக்கும் நேரமில்லை என்றார்கள். நான்கு பிரிவுகள் நிறைவேறிய நிலையில் மசோதா கைவிடப்பட்டது. செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் தந்தார். விலகலுக்கு அவர் கூறிய காரணங்கள் பல. காசுமீரம், வெளிநாட்டுக் கொள்கை, தாழ்த்தப்பட்டோர் நிலை ஆகியவையும் அவற்றில் உண்டு. ஆயினும் தாங்க முடியாத பாரமாக வந்து அமர்ந்தது இந்த மசோதாவின் முடிவே.

நேரம் போதவில்லை என்பது உண்மைதானா? ஒரே பிரிவின்மீது மணிக்கணக்காக, நாட்கணக்காகப் பேசினார்கள் எதிர்ப்பாளர்கள். பேச்சை நிறுத்தும் வழி அவைக்குத் தெரியாதா? தெரியும். 'விவாதம் போதும், வாக்கெடுப்பு நடக்கட்டும்' என்னும் முடிப்புத் தீர்மானம் ஒன்று உண்டு. அதனைக் கொண்டுவரும் கடமை தலைமைக் கொறடாவுக்கு உரியது. மசோதா விவாதத்துக்கு வந்தபோதெல்லாம் அந்தக் கொறடா அவையிலேயே இல்லை என்று குற்றஞ்சாட்டினார் அம்பேத்கர். கட்சியினர் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்று விட்டதைக்கூட அவர் குறை கூறவில்லை. அவர் எதிர்பார்த்தவை இரண்டே: பேச்சுக்குக் கால வரம்பு கட்டும் கட்டளை ஒன்று, போதிய விவாதம் நடந்தபின் முடிப்புத் தீர்மானம் ஒன்று. இரண்டும் கிடைக்கவில்லை. வாக்குக்கு உரிமை கொடுத்தார்கள். ஆனால், வாக்களிக்கும் வேளை வராதபடி பார்த்துக்கொண்டார்கள்! பந்தியில் இலை போட்டுவிட்டுப் பரிமாறாமலே எழுப்பிவிடும் விருந்தை நாம் எங்கும் கண்டதில்லை.

பேச்சுக்கு வரம்பு கட்டுவது சனநாயகத்துக்கு இழுக்கல்லவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் வரலாற்றையும் பார்ப்போம். 1881 சனவரி 31 அன்று கூடிய பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, பிப்ரவரி 2 காலைவரை, 41 மணி நேரத்துக்குமேல் கலையாமல் இருந்தது. அயர்லாந்து மக்களை விசாரணையின்றிச் சிறையிலிட வழிசெய்யும் அடக்குமுறை மசோதாவை, பார்னெலின் தோழர்கள் பேசிப் பேசியே தடுத்து நின்றனர். இறுதியில் அவைத் தலைவர் பிராண்டு தம் பொறுப்பிலேயே விவாதத்தை வெட்டினார். அடுத்த ஆண்டிலேயே முடிப்புத் தீர்மானம் விதியாயிற்று. எண்ணிக்கையில் சிறியவருக்குக் காலம் ஒன்றே கைவாள் என்பதை அன்று உலகம் கண்டது. அந்த அயர்லாந்துத் தோழர்களை நாம் பழிப்பதற்கில்லை.

ஆனால், அதே வாள் வேறு கையில் என்ன செய்தது? 1957இல் அமெரிக்க மேலவையிலே, கருப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவுக்கு எதிராக ஸ்டிராம் தர்மாண்டு என்பவர் 24 மணி 18 நிமிடம் தனியொருவராகப் பேசினார். 1964இல் சமவுரிமைச் சட்டத்தைத் தென்மாநிலத்தார் வாரக்கணக்காகப் பேசித் தடுத்தனர். சூன் 10 அன்று 71க்கு 29 என்ற வாக்கில் அவர்கள் பேச்சு முடிக்கப்பட்ட பின்னரே அந்தச் சட்டம் பிறந்தது. கத்தி காயையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். எனவே, கால வரம்பு நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பதிலே பயனில்லை. யார் பேச்சை யார் நிறுத்துகிறார்கள், யாருடைய உரிமை வாசலில் காத்துக் கிடக்கிறது என்றே கேட்க வேண்டும். விவாதம் உண்மையை வெளிக்கொணர நடக்கிறதா, வாக்கைத் தள்ளிப்போட நடக்கிறதா என்பதே உரைகல். அந்தக் கல்லில் உரைத்தால் 1951 செப்டம்பர்ப் பேச்சுகள் பித்தளையாகவே தெரிகின்றன.

இன்னொரு சான்றும் உண்டு. அதே தற்காலிகப் பாராளுமன்றம், அதே 1951ஆம் ஆண்டில், அரசியல் சட்டத்தையே திருத்தியது. முதல் திருத்த மசோதா வந்தது மே 12. நிறைவேறியது சூன் 2. மூன்றே வாரம்! சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் செல்லாதெனத் தீர்க்க, பெரியாரின் தலைமையில் தமிழகம் கிளர்ந்தெழ, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிச் சலுகை தரும் உட்பிரிவு அதிலேதான் வந்து சேர்ந்தது. அதனை நாம் மகிழ்ந்து வரவேற்கிறோம். பேச்சுரிமைக்கு விலங்கு பூட்டிய பகுதியும் அதிலேயே இருந்தது, அதனை வரவேற்கவில்லை. நாம் சுட்ட வருவது வேறு. அரசியல் சட்டத்தைத் திருத்தவே மூன்று வாரம் போதுமென்றால், மகளுக்குப் பங்கு கொடுக்க நான்காண்டு போதவில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு? மனமிருந்தால் மணி கிடைக்கிறது!

எதிர்ப்பாளர் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவையன்று இது. குடும்ப வாழ்வையே மாற்றும் சட்டத்தை, தேர்தலுக்குப்பின் வரும் அவையே செய்யட்டும் என்றனர். குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் 1951 செப்டம்பரில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இதனை வலியுறுத்தினார். எடை இல்லாத வாதமன்று. ஆனால், அதை நம்பியவர்கள் செய்திருக்க வேண்டியது என்ன? 'தேர்தல்வரை ஒத்திவைக்கிறோம்' என்று நேரே தீர்மானம் கொண்டுவந்து, வாக்கெடுத்து, தங்கள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். அரசியல் சட்டத்தைத் திருத்தத் தகுதி பெற்ற அவை, இதற்கு மட்டும் தகுதியற்றது ஏன் என்றும் விளக்கியிருக்க வேண்டும். அதற்குத் துணிவின்றிக் கடிகாரத்தின் பின்னே ஒளிந்துகொண்டனர்.

மசோதா போன வழியே அதன் காவலரும் போக நேர்ந்ததுதான் கொடுமை. பதவி விலகியது ஏன் என்று அவையிலே விளக்க வந்தார் அம்பேத்கர். அறிக்கையின் படியை முன்கூட்டியே தர வேண்டும், மாலை 6 மணிக்குப் பேசலாம் என்று தலைமை வகித்த துணை அவைத் தலைவர் கூறினார். தணிக்கைக்கு ஒப்பான இந்நிபந்தனையை ஏற்க மறுத்து அவர் வெளியேறினார். அறிக்கை பத்திரிகைகளுக்குச் சென்றது. நேரமில்லை என்று மசோதாவைக் கொன்றார்கள். அதற்காக அழ வந்தவரையும் நேரம் குறித்தே நிறுத்தினார்கள்!

பின்னர், 1955இலும் 1956இலும் மசோதா துண்டு துண்டாக நான்கு சட்டங்களாக வந்தது உண்மை. முற்றும் வீணாகவில்லை என்று ஆறுதல் கூறுவோர் உளர். ஆனால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்திலே ஆண்மக்களுக்கு மட்டும் பிறப்புரிமை தரும் பழைய மிதாட்சர முறையைத் தொடர விட்டது. அம்பேத்கர் காத்து நின்ற மசோதாவோ அந்த முறையையே அகற்ற முனைந்தது. அந்தக் குறையைத் தமிழகம் 1989இல் கலைஞர் ஆட்சியில் தன் எல்லைக்குள் திருத்தியது. அப்போதும், அதற்குமுன் மணமான பெண்கள் விடுபட்டனர். இந்தியா முழுமைக்கும் திருத்தம் வந்தது 2005இல். 1951இலிருந்து எண்ணினால் 54 ஆண்டுகள்! அன்று பிறந்த பெண், பேரன் பேத்தி எடுத்த பிறகல்லவா அந்தப் பங்கைப் பெற்றாள்? 1951இல் வாக்கெடுப்பு நடந்திருந்தால் மகளின் பங்கு வென்றிருக்குமா என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. தோற்றிருக்கவும் கூடும். ஆனால், எவர் தோற்கடித்தார் என்பதாவது தெரிந்திருக்கும். அடுத்துவந்த தேர்தலில் வாக்களித்த தாய்மார் அவர்களை அடையாளம் கண்டிருப்பர். கடிகாரத்தை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பாராளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதா முதலில் வந்தது 1996இல், சட்டமானது 2023இல். இடையே அவை கலைந்து காலாவதியானது பலமுறை. மறுபுறமோ, 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் விவாதமின்றி ஒரே வீச்சில் நிறைவேறின. வேண்டாததற்கு நேரமே கிடையாது. வேண்டியதற்கு நேரமே தேவையில்லை!

ஆகவே, அவையின் நடவடிக்கைகளைப் படிக்கும் இளைஞருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. யார் என்ன பேசினார் என்பதோடு நின்றுவிட வேண்டா. எந்த மசோதாவுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். 'நேரமில்லை' என்று எவரேனும் கூறினால், அட்டவணையை எழுதியவர் யார் என்று கேளுங்கள். விடை அங்கே இருக்கும்.