ஏழு வருஷமா, ஐந்து வருஷமா? பிக்சல் 8ஏ, கேலக்ஸி ஏ55: ஒப்பீட்டு அட்டவணை சொல்லாதவை

எங்கள் கல்வெட்டுப் பயணங்களில் கூட வருபவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாங்கள் எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். போன மாசம் போன் செய்து, "தம்பி, இந்தப் பிக்சல் 8ஏ, சாம்சங் ஏ55 ரெண்டுல எது வாங்கலாம்? ஒத்த வார்த்தையில சொல்லுங்க. யூடியூப்ல பார்த்துப் பார்த்துத் தலை சுத்துது" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவருடைய பழைய போன் செத்துப்போன கதை எனக்குத் தெரியும். ஒரு நாள் திடீரென்று ஆன் ஆகவில்லை. மெமரி கார்டு கிடையாது, வேறு எங்கேயும் பிரதி எடுத்தும் வைக்கவில்லை. நாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி எடுத்த படங்கள் அதோடு போயின. கல் அங்கேயேதானே இருக்கிறது, மறுபடி போய் எடுத்தால் ஆயிற்று என்று நினைக்கலாம். அவர் எடுத்த நடுகற்களில் ஒன்றுக்கு ஊர்க்காரர்கள் பக்தியோடு எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். இன்னொரு கோயிலில் திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்ததில் எழுத்தே மழுங்கிவிட்டது. அந்தப் படங்கள் இனிமேல் யாருக்கும் கிடைக்காது.

ஆகவே இது வெறும் போன் வாங்கும் கேள்வி இல்லை. பென்ஷன் பணத்தில் 13,000 ரூபாய் வித்தியாசம் ஒரு பக்கம், இனி எடுக்கப்போகும் படங்களின் ஆயுள் இன்னொரு பக்கம்.

அட்டவணை என்ன சொல்கிறது

இரண்டுமே 2024-இல் வந்தவை. ஏ55 மார்ச்சில், 8ஏ மே மாதத்தில். இந்தியாவில் அறிமுக விலை: 8 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு கொண்ட ஏ55 39,999 ரூபாய். அதே அளவு 8ஏ 52,999 ரூபாய். 256 ஜிபி வேண்டுமென்றால் ஏ55 42,999, 8ஏ 59,999.

மற்றதை வேகமாகப் பார்த்துவிடலாம். 8ஏ-வின் திரை 6.1 அங்குலம், ஏ55 6.6 அங்குலம். இரண்டும் ஓஎல்இடி வகை, 120 ஹெர்ட்ஸ். பேட்டரி 4,492 எம்ஏஎச், 5,000 எம்ஏஎச். சார்ஜிங் 18 வாட், 25 வாட். வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் வசதி 8ஏ-வில் மட்டும். எடை 188 கிராம், 213 கிராம். இரண்டுக்கும் ஐபி67 தரச்சான்று உண்டு. இரண்டு டப்பாவிலும் சார்ஜர் கிடையாது. விலை கூடிய 8ஏ-வில் முன்பக்கக் கண்ணாடி கொரில்லா கிளாஸ் 3, அது 2013-இல் வந்த சரக்கு. விலை குறைந்த ஏ55-இல் அதைவிடப் புதிய விக்டஸ் பிளஸ்.

இப்படிப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் யார் ஜெயித்தார் என்று டிக் அடித்து, கடைசியில் டிக்குகளை எண்ணிப் பார்ப்பதுதான் இப்போது நடக்கும் பெரும்பாலான ஒப்பீடு. இதில் எனக்கு ஒரு அடிப்படைப் பிரச்சினை இருக்கிறது. எல்லா வரிசைக்கும் ஒரே எடை. ஐயாவுக்குச் செல்ஃபி கேமரா 32 மெகாபிக்சலா 13-ஆ என்பதும், கார்டு போடும் இடம் இருக்கிறதா என்பதும் ஒரே அளவு முக்கியமா? அட்டவணை போனைப் பற்றிப் பேசுகிறது. வாங்குபவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வருஷக் கணக்கு

8ஏ-வுக்கு ஏழு வருஷம் ஆண்ட்ராய்டு மேம்பாடும் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. ஏ55-க்குச் சாம்சங் சொல்வது நாலு ஆண்ட்ராய்டு மேம்பாடு, ஐந்து வருஷப் பாதுகாப்பு அப்டேட். விலையை வருஷத்தால் வகுத்துப் பார்ப்போம்.

8ஏ: 52,999 ÷ 7 = வருஷத்துக்கு 7,571 ரூபாய்.
ஏ55: 39,999 ÷ 5 = வருஷத்துக்குச் சுமார் 8,000 ரூபாய்.

ஆக, 13,000 ரூபாய் கூடுதலான போன்தான் மலிவு! இந்தக் கணக்கை முதலில் போட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஐயாவைக் கூப்பிட்டு 8ஏ என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் யோசித்தால் இதில் மூன்று ஓட்டை.

முதல் ஓட்டை: ஏழு வருஷம் என்பது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. ஒரு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் விலையில் கொஞ்சம் குறையும், ஆயுளில் ஒரு வருஷமும் குறையும். தள்ளுபடி அறிவிப்பில் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் போடுவதில்லை.

இரண்டாவது: ஏழு வருஷமும் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. இரண்டு போனையும் மூன்றே வருஷத்தில் மாற்றினால் 8ஏ-வுக்கு வருஷத்துக்கு 17,666, ஏ55-க்கு 13,333. வருஷத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஏ55-ஐ ஐந்து வருஷம் முழுக்க வைத்திருப்பவரோடு ஒப்பிட்டால், 8ஏ வாங்கியவர் அதை 6 வருஷம் ஏழரை மாசம் வைத்திருந்தால்தான் கணக்கு சமம். உங்கள் கடைசி மூன்று போன் எத்தனை வருஷம் ஓடின என்று நினைத்துப் பாருங்கள். நான் நினைத்துப் பார்த்தேன். மூன்று வருஷம், இரண்டரை, நாலு. ஏழு எங்கேயும் இல்லை.

மூன்றாவது: பேட்டரி. சாஃப்ட்வேருக்கு ஏழு வருஷம் வாக்குக் கொடுக்கலாம், லித்தியத்துக்குக் கொடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் கைபேசிகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது, 2025 ஜூனிலிருந்து அமல். 800 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது அது. பாதி ஏற்றி இறக்கினால் அரை முறைதான் கணக்கு. தினம் ஒரு முழுச் சுழற்சி என்று வைத்தாலும் 800 என்பது இரண்டு வருஷம் இரண்டு மாசம். இந்த அளவுகோலில் ஏழு வருஷம் ஓட்ட நினைப்பவர் இரண்டு தடவையாவது பேட்டரி மாற்றத் தயாராக இருக்கணும். ஐந்து வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. அந்தச் செலவையும் 'மலிவு' கணக்கில் சேருங்கள். பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐயாவின் ஊர் தாலுகா தலைநகர்கூட இல்லை.

இதனால் ஏழு வருஷ வாக்கு வீண் என்று சொல்லவில்லை. நல்ல விஷயம், எல்லாக் கம்பெனியும் தர வேண்டியது. ஆனால் அது நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாய்ப்பு மட்டுமே. எடுத்துக்கொண்டால்தான் பணம்.

64 பெரிதா, 50 பெரிதா

8ஏ-வில் 64 மெகாபிக்சல், ஏ55-இல் 50. இரண்டிலும் நாலு நாலு பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் வழக்கமான படம் வருகிறது. 8ஏ-வில் 16 மெகாபிக்சல், ஏ55-இல் ஏறத்தாழ 12.

இது கல்வெட்டுக்குப் போதுமா? சின்னக் கணக்குதான். சுவரில் ஒரு மீட்டர் அகலத்தை ஒரு படத்தில் அடக்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஏ55 படத்தின் அகலம் சுமார் 4,000 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்கு நாலு. மூன்று சென்டிமீட்டர் எழுத்துக்கு 120 பிக்சல் கிடைக்கும். 8ஏ-வில் சுமார் 4,600 பிக்சல் அகலம், அதே எழுத்துக்கு 138. படிப்பதற்கு இரண்டும் தாராளம். போதவில்லையென்றால் ஓரடி முன்னால் போய் எடுத்தால் ஆயிற்று. ஒரு காலடியில் கிடைப்பதற்கு 13,000 ரூபாய் எதற்கு? ஏ55-இல் உள்ள 5 மெகாபிக்சல் மேக்ரோவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்று கேமரா என்று எழுதிக்கொள்ளத்தான் அது உதவும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இன்றைய போன் எதுவும் பார்த்ததை அப்படியே பதிவதில்லை. அடுத்தடுத்து எடுத்த பல படங்களைச் சேர்த்து, இரைச்சலை நீக்கி, விளிம்பைக் கூராக்கித்தான் தருகிறது. குழந்தை முகத்துக்கு அது நல்லது. கல்லுக்கு?

2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, மூன்று அறைகளின் வெவ்வேறு பரப்பளவுகளும் ஒரே எண்ணாக மாறி வந்தன. படத்தைச் சுருக்கும் நிரல், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டுவிட்டது. படம் மங்கலாக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். தெளிவாக இருந்தது, ஆனால் தப்பு.

எனக்கே ஒருமுறை நடந்தது. சில வருஷத்துக்கு முன் வேறொரு போனில் எடுத்த படத்தில் 'யாண்டு' என்பதற்குப் பிறகு ௰, அதன் பக்கத்தில் தெளிவாக இன்னொரு கோடு. பத்துக்கு மேல் ஏதோ ஒரு எண் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மறுபடி நேரில் போய்ப் பார்த்தால் அது கல் பொரிந்த இடம். போன் அதன் விளிம்பைக் கூராக்கியதில் உளி வெட்டு மாதிரி ஆகியிருந்தது. அரசனின் ஆட்சியாண்டையே மாற்றியிருப்பேன்.

அதனால் இந்தத் தடவை இரண்டு போனையும் கடன் வாங்கி (ஒன்று ஆபீஸ் நண்பருடையது, ஒன்று தம்பியுடையது) எங்கள் வீட்டு அம்மிக் கல்லைப் படம் எடுத்தேன். கொத்திய தடம் தேய்ந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத கல். நேர் வெளிச்சத்தில் இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. என் பழைய போனின் டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்தது. இரண்டு போனிலும் எல்லாக் கொத்தும் எண்ணக்கூடிய அளவுக்கு வந்தன. டார்ச்சை இடம் மாற்றி இன்னொரு படம் எடுத்தால், எது குழி, எது வெறும் கறை என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டு போனுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தைவிட, நேர் வெளிச்சத்துக்கும் பக்க வெளிச்சத்துக்கும் நடுவில் இருந்தது பல மடங்கு பெரிது. கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. போன் விமர்சனம் செய்பவர்கள் யாரும் இப்படிச் சோதிப்பதில்லை, அவ்வளவுதான்.

8ஏ-வுக்கு இங்கே ஒரு உண்மையான சாதகம் உண்டு. அதன் கேமரா செயலியிலேயே ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதுவும் பல படங்களைச் சேர்த்து உண்டாவதுதான். ஆனால் கூராக்குவது, மழுப்புவது எல்லாம் நம் கையில் இருக்கும். படத்தைக் கணினியில் போட்டு அலசுகிற என் மாதிரி ஆளுக்கு அது பெரிய விஷயம். ஐயா கணினியில் படம் அலசுவதில்லை. போன் திரையிலேயே விரலால் பெரிதாக்கிப் படித்து நோட்டில் எழுதுவார். அவருக்கு 6.6 அங்குலத் திரைதான் பெரிய விஷயம்.

படம் எங்கே தங்கும்

ஏ55-இல் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம். இரண்டாவது சிம்மின் இடத்தைக் கார்டு எடுத்துக்கொள்ளும். ஐயாவுக்கு ஒரே சிம், அதனால் பாதகமில்லை. 8ஏ-வில் கார்டுக்கு இடமே கிடையாது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம், அதற்கு மேல் மாசாமாசம் பணம்.

கார்டும் பழுதாகும். கார்டில் இருப்பது பிரதி ஆகாது. ஆனால் போன் செத்த அன்று கார்டைக் கழற்றி இன்னொன்றில் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒரு வசதி இருந்திருந்தால் ஐயாவின் நாலு வருஷம் பிழைத்திருக்கும்.

முடிவு

ஐயாவுக்கு ஏ55, 128 ஜிபியே போதும் என்று சொன்னேன். மிச்சமாகும் 13,000-இல் நல்ல கார்டு ஒன்று, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், கையடக்க எல்இடி விளக்கு ஒன்று. மாசம் ஒரு தடவை கார்டிலிருந்து டிஸ்குக்குப் படங்களை மாற்றித் தருவது என் வேலை.

நான் எனக்கு வாங்குவதாக இருந்தால் 8ஏ-தான், ரா கோப்புக்காக. ஏழு வருஷத்துக்காக இல்லை. என்னால் ஒரு போனை அவ்வளவு காலம் காப்பாற்ற முடியும் என்று என் சரித்திரம் சொல்லவில்லை.

நீங்கள் வாங்கும்போது அட்டவணையைத் திறக்கும் முன் மூன்று கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள். நான் நிஜமாகவே எத்தனை வருஷம் வைத்திருப்பேன்? இதில் முக்கியமாகச் செய்யப்போகும் ஒரே வேலை எது? போன் நாளைக்குச் செத்தால் எது போகும்? இதற்குப் பதில் தெரிந்தால் அட்டவணையில் முக்கால்வாசி வரிசைகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏ55-ன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மணல் பீய்ச்சிய கோயிலுக்கே விளக்கை எடுத்துக்கொண்டு போகிறோம். பக்க வெளிச்சத்தில் ஏதாவது மிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.