வீட்டிலிருந்து கம்பஸுக்கு: மகாபொல பார்க்காத செலவு

நாவற்குடாவில் ஒரே ஒழுங்கையிலிருந்து இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி பக்கத்துக் கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் படிக்கிறாள், சைக்கிளிலேயே போய்விடலாம். மற்றவன் வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிறான். மட்டக்களப்பு நகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து செங்கலடிப் பக்கம் இன்னொரு பஸ், பின்னேரம் மறுபடியும் அதே இரண்டு. இருவருக்கும் மகாபொல உதவித்தொகை கிடைத்தால் தொகை ஒன்றுதான். நுவரெலியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கும் அதே தொகைதான். இது நியாயமா?

1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால், அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் உருவானது மகாபொல நிதியம். கண்காட்சியும் லொத்தரும் அதன் தொடக்ககால வருவாய்கள். 2025 வரவு செலவுத் திட்டம் மாதத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. குடும்பத்தின் வருமானத்தைக் கேட்கும் மகாபொல, எங்கே படுத்தெழும்புகிறாய் என்பதை வைத்துத் தொகையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை.

வேறு நாடுகளில் அதையும் கேட்கிறார்கள். ஜெர்மனியின் மாணவர் உதவித் திட்டத்தில், 2024 பிற்பகுதியிலிருந்து, வெளியே அறை எடுத்தவருக்கு வாடகைப் பங்காக மாதம் 380 யூரோ. பெற்றோருடன் இருப்பவருக்கு 59. இந்தியாவில் பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் உதவித்தொகையிலும் இதே பிரிப்புத்தான். 2021இல் திருத்திய விகிதப்படி, முதல் பிரிவுப் படிப்புகளுக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000.

அப்படி வெட்டாமல் விட்டது மகாபொலவின் பெரிய பலம் என்றே நினைக்கிறேன். வீட்டிலிருப்பவருக்குச் செலவில்லை என்ற கணக்கு, மாதச் சம்பளம் வரும் வீட்டை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. வாவியில் மீன் படாத மாதத்தில், மார்கழி வெள்ளத்தில் கூலி வேலை நின்ற கிழமையில், அந்த வீட்டுச் சோறும் கடையில் கொப்பியில் எழுதி வாங்கிய சோறுதான். கம்பஸ் பிள்ளை வீட்டிலிருந்தால் தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்கு அம்மம்மாவைக் கூட்டிப்போவதும் அவளுடைய வேலையாகிவிடும். மகாபொல காசு சில வேளை நுண்கடன் தவணைக்கும் போகும். அதை முறைகேடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் பரீட்சை நேரம் சித்தி வீட்டில் நிற்பார்கள், ஒரு தவணை போடிங்கில் இருப்பார்கள், காசு முட்டினால் வீட்டுக்குத் திரும்புவார்கள். முகவரியைப் பார்த்துப் பணம் கொடுக்கத் தொடங்கினால் கிராம உத்தியோகத்தருக்கு இன்னொரு கடதாசி, பிள்ளைக்கு இன்னொரு பொய். வருமானச் சான்றிதழிலேயே போதிய சிக்கல் இருக்கிறது. ஆசிரியரின் சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். நல்ல வியாபாரமுள்ள கடை முதலாளியின் வருமானம் அவர் சொல்கிற அளவுதான்.

ஆனால் ஒரே தொகை கொடுத்துவிட்டதால் எல்லாரும் சமமாகிவிடவில்லை. விடுதிக் கட்டணம் வெளியே எடுக்கும் அறையின் வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அதாவது விடுதி இடமும் ஓர் உதவித்தொகைதான். கணக்கில் எழுதப்படாதது, அவ்வளவே. அந்த இடங்களைப் பகிரும்போது தூரம் பார்ப்பது வழக்கம், பார்க்கவும் வேண்டும். அதனால் பட்டியலின் அடியில் போய் நிற்பவர் நாவற்குடாக்காரர். விடுதி கேட்டால் வீடு கிட்ட. பஸ்ஸேறினால் கம்பஸ் தூர. அறையும் இல்லை, பயணக் காசும் இல்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கெட் உதவும், உண்மைதான். ஆனால் அது தனியார் பஸ்ஸில் செல்லாது. காலை விரிவுரைக்கு முந்தி வருகிற பஸ் எதுவோ அதில்தான் ஏறவேண்டும்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளையின் பாடு இன்னும் மோசம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் படகுப் பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்றாலும், உட்கிராமங்களிலிருந்து பிரதான வீதிக்கு வரவே ஒரு பயணம் வேண்டும். மாவட்டக் கணக்கில் இவரும் உள்ளூர்க்காரர்தான்.

பாடத்தின் செலவையும் இந்த ஒரே தொகை பார்ப்பதில்லை. நம் நடன மாணவிக்குப் பயணச் செலவு இல்லை. அரங்கேறும்போது உடுப்பும் நகைசெட்டும் அவளுடைய தலையில்தான்.

மகாபொலத் தவணைப் பணம் பிந்துவது பழைய முறைப்பாடு. இதில் மட்டும் வீட்டிலிருப்பவர் கொஞ்சம் தப்புகிறார். போடிங்கார அம்மா பொறுக்காததை அம்மா பொறுப்பார்.

ஆகவே ஜெர்மனியைப் பார்த்து வீட்டுப் பிள்ளையின் தொகையைக் குறைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அது இங்கே பொருந்தாது. அடிப்படைத் தொகை எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். விடுதி கிடைக்காத ஒவ்வொருவருக்கும், அவர் வீட்டிலிருந்தாலும் போடிங்கில் இருந்தாலும், தூரத்தைப் பொறுத்து ஒரு பயணப்படியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தூரத்தை அளக்கப் புதிய படிவம் தேவையில்லை. விடுதி விண்ணப்பத்திலேயே அது இருக்கிறது.