வணிகர் மடலும் செப்பேட்டுச் சொல்லும்

கொச்சியில் தோப்பும்படிக்கு வடக்கே காயலை ஒட்டி அமைந்த மட்டாஞ்சேரியிலிருந்து 1768ஆம் ஆண்டு மடல் ஒன்று ஹாலந்துக்குச் சென்றது. எழுதியவர் எசக்கியேல் ரகபி (1694–1771). டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றியவர். பெறுநர் ஹேக் நகர வங்கியர் தொபியாஸ் போவாஸ். மொழி எபிரேயம். ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களில் எடுத்த வெள்ளி ஆம்ஸ்டர்டாம் வழியே கீழை நாடுகளை அடைந்து மிளகாகவும் துணியாகவும் மாறிய காலம் அது. எனினும் இம்மடலின் பொருள் வெள்ளியும் அன்று, மிளகும் அன்று. கொச்சி யூதர் எப்போது, எங்கிருந்து வந்தனர், அவர்தம் நிலை யாது என்று வங்கியர் வினவினார். வணிகர் விடை எழுதினார்.

‘வங்கியர்’ என்னும் சொல்லையே முதலில் ஐயுற வேண்டும். ‘வங்கி’ ஆங்கிலச் சொல்லைத் தழுவிப் பிற்காலத்தில் அமைந்தது. அதற்கு முற்பட்ட தமிழ் வழக்கில் சராப்பு, உண்டியல்கடை, காசுக்கடை, லேவாதேவி எனத் தொழிலுக்குத் தொழில் வேறுபட்ட பெயர்கள் இருந்தன. நாணயம் மாற்றுவோர் வேறு, உண்டியல் எழுதுவோர் வேறு. அரசுகளுக்கே கடன் கொடுத்த போவாஸுக்கு இவற்றுள் எதுவும் முற்றப் பொருந்தாது. எனவே ‘வங்கியர்’ இங்கு ஒரு வசதி மட்டுமே.

கொச்சி யூதர் தம் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவது சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடு. கி.பி. 1000 அளவில் எழுந்த இது மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தில் பேணப்பட்டது. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழியைத் தமிழ் என்பாரும் பழைய மலையாளம் என்பாரும் உளர். வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்து 18ஆம் நூற்றாண்டிலும் கேரளத்தில் வழங்கியதால், ரகபியின் காலத்தவர்க்கு வரிவடிவம் முற்றிலும் அயலானதன்று. சொற்களோ எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை.

சிக்கலின் மையம் ‘அஞ்சுவண்ணம் உடைய’ என்னும் தொடர். ஊர்ப்பெயருக்குப் பின் ‘உடையான்’ வந்தால் அவ்வூரின் நிலவுரிமையாளன் அல்லது தலைவன் என்று கொள்வது கல்வெட்டு வழக்கு. அவ்வழக்கை இங்கும் ஏற்றினால் அஞ்சுவண்ணம் ஓர் ஊராகிறது. இசுப்பு இரப்பான் அதன் சிற்றரசனாகிறான். கொடுங்கல்லூரில் யூத அரசு இருந்தது என்னும் கொச்சி மரபு இவ்வாசிப்போடு நன்கு இயைந்தது. 19ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலரும் அதைச் சிற்றரசு என்றே எழுதினர். ஆனால் கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்திலும் அஞ்சுவண்ணத்தைக் காட்டுகிறது. அங்கு அது மணிக்கிராமத்தோடு சேர்ந்து வருகிறது. கடல்வழி வந்த மேலை வணிகரின் குழு என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் பொருள். ‘அஞ்சுமன்’ என்னும் பாரசீகச் சொல்லோடு அதனை உறவுபடுத்துவர். ஐந்து வண்ணத்தார் எனப் பிரித்துப் பொருள் கண்டது, வேற்றுமொழிச் சொல்லைத் தன் மொழியின் உறுப்புகளாக உடைத்துப் பார்க்கும் இயல்பான பிழை.

பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை ஆகியன அரசச் சின்னங்கள் அல்லவோ என்று கேட்கலாம். இதற்கு விடை வீரராகவன் செப்பேட்டில் உள்ளது. அங்கு இத்தகைய சிறப்புகளைப் பெறும் இரவிகொர்த்தன் ‘சேரமான் லோகப்பெருஞ்செட்டி’ எனப்படுகிறான். செட்டி என்று வெளிப்படையாக அழைக்கப்பட்டவனை அரசனாக்குதல் அரிது. ஆகவே சிறப்புச் சின்னங்களைக் கொண்டு பெற்றவனின் பதவியை முடிவு செய்தல் பொருந்தாது.

யூதர் செப்பேட்டின் வணிகத் தன்மையை உணர்த்தும் சொற்கள் உல்கு, துலாக்கூலி என்னும் இரண்டு. உல்கு சுங்கம், திருக்குறளிலும் இப்பொருளில் ஆளப்பட்டது. துலாக்கூலி பண்டம் நிறுப்பதற்கான கட்டணம். இவ்விரண்டையும் அரசன் விட்டுக்கொடுக்கிறான். அரியணை ஏறுபவனுக்கு நிறைகூலி விலக்கு எதற்கு? கண்டிக் கணக்கில் மிளகு நிறுத்த ரகபியின் துறையில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். பெயர்ப்புகளில் குடையும் பல்லக்கும் முன்னே நிற்க, இவ்விரு சொற்களும் பொதுவான ‘வரி’யாகச் சுருங்குவது பேரிழப்பு. மேலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவது பழைய சாசனங்களில் பெருவழக்கு. அவ்வாறு எழுதிய இடத்தில் ‘உல்கு’ என்பது ‘உலகு’ எனவும் படிக்க இடந்தரும். வழக்கொழிந்த சொல்லைவிட வழக்கிலுள்ள சொல்லே கண்ணுக்கு முதலில் தட்டுப்படும்.

உரிமை யாரைச் சேரும் என்னும் பகுதி இன்னும் நுட்பமானது. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வரிசை செல்கிறது. தமிழர் ‘மருமகன்’ என்றால் முதலில் மகளின் கணவனையே நினைப்பர். மருமக்கத்தாயம் நிலவிய மலைநாட்டில் ‘மருமக்கள்’ உடன்பிறந்தாளின் பிள்ளைகள். செப்பேட்டை எழுதியவர் இம்மயக்கத்தை அறிந்தவர் போலும். மருமக்களைச் சொன்னபின், பெண்மக்களை மணந்த மருமக்களை அடைமொழியிட்டுத் தனியே குறிக்கிறார். இருவகையினரையும் ஒரே சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பு, எழுதியவர் வேண்டுமென்றே இட்ட அடைமொழியை வீண்சொல்லாக்கி, மரபுரிமையாளருள் ஒரு பிரிவினரையே ஏட்டிலிருந்து நீக்கிவிடுகிறது.