பெயர் எந்தப் பெட்டியில் விழுந்தது?

2023 செப்டம்பர் 15 அன்று, குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் பணம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது விண்ணப்பித்திருந்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். எஞ்சிய ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை யாரோ ஒரு அதிகாரி மேசையில் வைத்துப் படித்துத் தள்ளிவிடவில்லை. முதல் சல்லடை கணினியினுடையது. குடும்ப அட்டை, நிலப் பதிவு, மின் இணைப்பு, வாகனப் பதிவு, வருமானம் என்று தனித்தனித் துறைகளில் கிடந்த பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, விதிகளை வரிசையாக ஓட்டி எடுத்த முடிவு அது. கணினித் துறையில் இப்படிப்பட்ட தொடர்வேலைக்கு டேட்டா பைப்லைன் என்று பெயர். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் கொடுத்த விண்ணப்பமும் சென்னையில் கொடுத்த விண்ணப்பமும் நுழைந்தது ஒரே பைப்லைனில்தான்.

இத்தகைய பைப்லைன்களை நிரல் எழுதாமல், திரையில் பெட்டிகளை வைத்துக் கோடு இழுத்து அமைக்கும் கருவிகள் இப்போது ஏராளம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004இல் வேலை தொடங்கி 2006இல் வெளிவந்த நைம், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வுக்குள் பிறந்து 2014இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்ட நைஃபை, ஐ.பி.எம். 2013இல் வெளியிட்ட நோட்-ரெட், பெர்லினிலிருந்து 2019இல் வந்த என்8என், நம் ஊர் ஜோஹோவின் டேட்டாபிரெப், ஃபுளோ எல்லாம் இந்த வகை. விற்பவர்கள் முதலில் சொல்வது ஒன்றே: நிரல் தெரியாதவரும் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் அற்பமான பயன். அட்டவணையின் ஒரு வரிசை எந்தப் பெட்டியில், எந்த விதியால் கழிந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க முடிவதே இவற்றின் பெரும்பயன். மற்ற வசதிகளையெல்லாம் இதற்கு எவ்வளவு உதவுகின்றன என்று பார்த்தே மதிக்க வேண்டும்.

கழிந்தது கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல சாட்சி. 2020 செப்டம்பர் இறுதியில் கொரோனா பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து வந்து பொதுச் சுகாதாரத் துறையின் பழைய எக்செல் கோப்புகளில் ஏறின. அந்த வடிவக் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. நிரம்பிய பிறகு வந்தவை உள்ளே போகவில்லை. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. 15,841 தொற்றாளர்கள் உரிய நேரத்தில் எண்ணிக்கையில் சேராமலே இருந்தார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. விதி எதுவும் அங்கே தவறாக இல்லை. இத்தனை வந்தது, இத்தனை ஏறியது, மீதி எங்கே என்று கேட்கும் ஓர் இடம் அந்தத் தொடரில் இல்லை, அவ்வளவுதான்.

நைமில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்குகள் உண்டு: அமைக்கப்படவில்லை, ஓடத் தயார், ஓடி முடிந்தது. ஓடி முடிந்த பெட்டியைத் திறந்தால் அந்தக் கட்டத்தில் அட்டவணை எப்படி இருந்தது, எத்தனை வரிசை என்று தெரியும். வரிசைகளை வடிகட்டும்போது தேறியவற்றை ஒரு வாயிலிலும் தேறாதவற்றை இன்னொரு வாயிலிலும் பிரித்து அனுப்பலாம். கழிந்தவை அழிவதில்லை, அவை தனிப் பட்டியலாகி நிற்கின்றன. நைஃபை இன்னொரு படி மேலே போகிறது. ஒவ்வொரு தகவல் துண்டும் எங்கிருந்து வந்தது, எந்தப் பெட்டியில் என்ன மாற்றம் கண்டது, எங்கே கைவிடப்பட்டது என்ற வரலாற்றை அது பதிந்துவைக்கிறது. பதிவு கையிருப்பில் இருக்கும்வரை ஒரு கட்டத்திலிருந்து மறுபடி ஓட்டியும் பார்க்கலாம். பின்னால் உள்ள பெட்டி திணறினால் முன்னால் உள்ளது தானாக நிதானிக்கிறது. இங்கிலாந்தில் நடந்ததுபோல் வழிந்து கொட்டுவதில்லை. வாசகர் கவனிக்க வேண்டியது, இவற்றில் எதுவும் கோடு இழுப்பதன் சுலபத்தைச் சார்ந்தது அல்ல.

உரிமைத் தொகையின் விதிகளை ஆலங்குடி வட்டத்து நிலத்தில் வைத்துப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். குடும்பத்துக்கு 5 ஏக்கர் நஞ்சை அல்லது 10 ஏக்கர் புஞ்சைக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் போர் போட்டுச் செய்யும் விவசாயம்தான் அதிகம். விவசாய இணைப்பையும் வீட்டு இணைப்பையும் கட்டண வகைப்படி பிரிக்கும் பெட்டி ஒன்று தொடரில் விடுபட்டால், மீட்டர் உள்ள மோட்டாரின் கணக்கு வீட்டுத் தலையில் ஏறக்கூடும். வாடகை வீட்டில் குடியிருப்பவரின் இ.பி. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். கூட்டுப் பட்டாவில் பத்து பங்காளிகள் இருந்தால் மொத்தப் பரப்பையும் ஒவ்வொருவருக்கும் ஏற்றுவதா, பங்கு பிரித்து ஏற்றுவதா என்பதை ஒரு பெட்டியின் அமைப்பு தீர்மானிக்கிறது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா வேறு கதை. இன்னும் சிக்கலானது பெயர். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். ஆங்கிலத்தில் ஒரு துறை ஒரு விதமாகவும் இன்னொரு துறை வேறு விதமாகவும் எழுதிய எழுத்துகள். பெயரை வைத்துப் பொருத்தினால் அடுத்த தெருக்காரரின் கார் இவர் கணக்கில் நிற்கும். இந்தத் தவறுகள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்தப் பெட்டி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

அரசு இதை அறியாமல் இல்லை. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய இடம் இருந்தது. 2023 நவம்பரிலேயே ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் இரண்டாம் கட்டமாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் சல்லடையின் முடிவே இறுதி முடிவாக நின்றிருந்தால் எத்தனை பேர் வெளியே இருந்திருப்பார்கள் என்பதை இந்த எண்ணே காட்டிவிடும். தெலங்கானாவில் இதற்கு நேர்மாறு நடந்தது. அங்கே கணினிச் சரிபார்ப்பில் லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகள் முன்னறிவிப்பின்றி ரத்தாகி, 2022இல் உச்ச நீதிமன்றம் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

நிரலாளர்கள் இந்தக் கருவிகளை ஏளனமாகப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. இருபது பெட்டி வரை படம் தெளிவாக இருக்கும். இருநூறு ஆனால் நூல்கண்டைப் பூனை உருட்டியது போலாகிவிடும். நேற்றைய நிரலுக்கும் இன்றைய நிரலுக்கும் என்ன வித்தியாசம் என்று வரிவரியாக ஒப்பிடலாம். இரண்டு படங்களை அப்படி ஒப்பிடுவது கடினம். ஏர்பிஎன்பியில் 2014இல் உருவான ஏர்ஃபுளோ இதற்கு விடை காட்டுகிறது. அதில் தொடரைப் பைத்தான் நிரலாகவே எழுதுகிறார்கள். படத்தைக் கருவி தானே வரைந்து காட்டுகிறது. ஆகவே வரைந்தது கையா நிரலா என்பதில் பிடிவாதம் தேவையில்லை. ஓடிய பாதை தெரிந்தால் போதும். எளிதான கருவி அரைகுறைகள் கையில் சிக்கும் என்ற அச்சத்துக்கு வலு குறைவு. அலுவலகங்களில் எக்செல் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது, அதில் நடக்கும் தவறு தடம்கூட விடுவதில்லை. செலவு பற்றிய தயக்கம் மட்டும் பாதி சரி: நைம் மேசைக்கணினியில் இலவசம், ஆனால் குழுவாக, நேரம் குறித்துத் தானே ஓடவைக்கும் அதன் சர்வர் வசதிக்குக் காசு கேட்கிறார்கள்.

கனமான மறுப்பு வேறொன்று. படம் தெரிவது தலைமைச் செயலகத்துத் திரையில். கீரமங்கலத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன? இதைக் கருவியால் தீர்க்க முடியாது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தரும் கடமையை அலுவலகத்தின் மீதே சுமத்துகிறது. பாதையைப் பதிந்துவைக்கும் பைப்லைன் இருந்தால் அந்தக் கடமையை நிறைவேற்ற ஆள் பலம் தேவைப்படாது. பெட்டிகளின் வரிசையையும் விதிகளையும் பொதுவில் வைப்பதால் யாருடைய அந்தரங்கமும் வெளியாகாது. தனிநபர்களின் தரவு வரிசைகளை அவரவருக்கு மட்டும் காட்டினால் போதும். அப்போது இ-சேவை மையத்தில் கிடைக்கும் சீட்டில் ‘தகுதி இல்லை’ என்பதற்குப் பதிலாக, எந்த மின் இணைப்பு எண், அதில் எத்தனை யூனிட், எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு பரப்பு இவர் பெயரில் ஏற்றப்பட்டது என்று அச்சாகியிருக்கும். அந்த இணைப்பு தோட்டத்து மோட்டாருடையது என்று காட்ட ஒரு மின்கட்டண அட்டையும், பங்கு இவ்வளவுதான் என்று காட்ட வி.ஏ.ஓ.வின் ஒரு சான்றும் அவர் கொண்டுவந்தால் போதும்.