அச்சேறாத ஏடும் கதைப் போர்வையும்

ஓவியர் எழுதும் தன்வரலாற்றை அவர்தம் ஓவியங்களுக்கு உரைநூலாகக் கொள்வதே நம் வழக்கம். ஃபெயித் ரிங்கோல்டைப் பொறுத்தவரை அவ்வழக்கு பொருந்தாது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1930-இல் பிறந்து 2024-இல் மறைந்த இக்கறுப்பின ஓவியர், 1980-ஐ ஒட்டித் தம் வரலாற்றை எழுதினார். வெளியிட எவரும் முன்வரவில்லை. ‘நாங்கள் பாலத்தின் மேல் பறந்தோம்’ என்னும் பெயரில் அது அச்சேறியது 1995-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவர் வாளாவிருந்தாரல்லர். பதிப்பகங்கள் மறுத்த எழுத்தைத் துணியின்மேல் எழுதலானார். நூலும் போர்வையும் ஒரே படைப்பின் இரு கூறுகள் என்பது என் துணிபு.

நியூயார்க் சிட்டி கல்லூரியில் அக்காலத்தில் பெண்கள் கலைப்பிரிவில் சேர இயலாது. எனவே ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து ஓவியம் கற்றார். 1955 முதல் 1973 வரை அரசுப் பள்ளிகளில் கற்பித்தார். ‘அமெரிக்க மக்கள்’ என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கியது 1963-ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் ஏதேனும் எழுத முயலும் நம்போன்றோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிட முடியாது.

அதே 1963-இல் ரொமேர் பியர்டன் முதலிய கறுப்பின ஓவியர் ‘ஸ்பைரல்’ என்னும் குழுவை அமைத்தனர். அதில் இடம்பெற்ற பெண் எம்மா அமோஸ் ஒருவரே. ரிங்கோல்டும் இடம் வேண்டினார். பியர்டன் மறுத்து மடல் எழுதினார். வெள்ளையர் அடைத்த கதவைவிடத் தம்மவர் அடைத்த கதவே அவரை மிகுதியாக வருத்தியிருக்கும் எனத் தோன்றுகிறது. நூலின் சில பக்கங்கள் வழக்குரைபோல் ஒலிப்பதற்கும் இதுவே காரணம் போலும். அதனைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும் கலையழகு அங்கே சற்று மெலிகிறது. 1971-இல் கே பிரவுன், டிண்ட்கா மெக்கானன் ஆகியோருடன் சேர்ந்து கறுப்பினப் பெண் ஓவியர்க்கெனத் தனிக் குழு ஒன்றை உருவாக்கினார்.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். 1972-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் ‘தங்கா’ ஓவியங்களைக் கண்டார். துணியே அவற்றிற்குச் சட்டம். சுருட்டி எடுத்துச் செல்லலாம். கனத்த மரச்சட்டத்தைத் தனியொருத்தியாகத் தூக்கிச் செல்லும் தொல்லை தீர்ந்தது. தைப்பதற்குத் தாய் இருந்தார். வில்லி போசி ஆடை வடிவமைப்பாளர். அடிமையாக வாழ்ந்த மூதாட்டியொருவர் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்த குடும்பம் அது. 1980-இல் தாயும் மகளும் இணைந்து முதற் போர்வையைச் செய்தனர். மறு ஆண்டே தாய் மறைந்தார். 1983-இல் வெளிவந்த முதற் கதைப் போர்வையில் எழுத்தும் உருவமும் ஒன்றாயின.

1988-இல் அமைந்த ‘டார் பீச்’ என்னும் போர்வையே இவ்வகையின் சிகரம் என்பேன். நடுவே ஓவியம், மேலும் கீழும் எழுத்து. ஹார்லெம் வீட்டு மொட்டைமாடியில் பெரியவர்கள் சீட்டாடுகின்றனர். எட்டு வயதுச் சிறுமி கேசி, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மேல் பறக்கிறாள். அப்பாலத்தில் உழைத்த அவள் தந்தைக்குத் தொழிற்சங்கத்தில் இடமில்லை. நூலில் வாதாடிய குரல் இங்கே வாதாடவில்லை. தந்தைக்காகச் சங்கக் கட்டடத்தையே தனதாக்கிக்கொள்ளப் பறக்கும் குழந்தையின் குரலாக மாறிவிடுகிறது.